பின்னால் நடந்த நல்லசாமி

கவுஞ்சி நல்லசாமிக்குக் குதிரைக்கு முன்னால் நடக்கத் தெரியாது. நம்ம கவுஞ்சி மலையில் பொதிக்குதிரைக்காரன் எவனும் அப்படி நடக்கிறதில்லை. உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டி ஒரு சத்தம் கொடுத்தால், அது பாட்டுக்கு முன்னால் இறங்கும். ஆள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பின்னால் இறங்குவான்.

பட்டாளத்தில் அவனுக்குக் கோவேறு கழுதை பார்க்கிற சோலி. அங்கே சட்டம் வேறு. கயிற்றைப் பிடித்து ஆள்தான் முன்னால் போகணும். பட்டாளத்துச் சட்டம் தப்பு என்று யார் சொன்னது? கவுஞ்சிச் சட்டமும் தப்பில்லை, அவ்வளவுதான். அவல்தார் கண்ணுக்கு எட்டுகிறவரை முன்னால் நடப்பான், திருப்பம் தாண்டியதும் பின்னால் வந்துவிடுவான்.

அவனுக்கு வாய்த்த கழுதையோ கடிக்கும், உதைக்கும். அதனால் மாமியார் பேரையே வைத்தான், ராக்காயி என்று. அவனிடம் மட்டும் அது பசுமாடாட்டம் பழகிற்று. பட்டாளத்தில் அவனுக்குக் கொடுக்கிற வெல்லத்தில் பாதி அதன் வாய்க்குத்தான்.

அறுபத்திரண்டில் சீனாக்காரன் சண்டை வந்தது. பனிமலையைவிட்டு எல்லோரும் இறங்கிய அன்றைக்குக் கண்ணைக் கட்டினாற்போல ஒரே வெள்ளை. ராக்காயியின் வாலைப் பிடித்துக்கொண்டு, "போ அத்தே, வெரசா போ அத்தே" என்று சொல்லியே கீழே வந்து சேர்ந்தான். பனியில் கால்விரல் கருத்துப்போய், கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

அதே பட்டாளத்தில் சமையல்காரன் பழனிக் கடைவீதி ஒலியுல்லா. ஒருநாள் வெள்ளனே ஓடிவந்தான்.

"ஏலே மாப்ளே, ஒன் அத்தை கதை முடிஞ்சுது. யாரு இழுத்தாலும் நகரமாட்டேங்குது. வேலைக்கு ஆகாதுன்னு இன்னைக்குச் சுடப்போறாங்க!"

நல்லசாமி கட்டுக்காலோடு அவன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே போனான். மைதானத்தில் அவல்தாரும் இன்னும் ரெண்டு பேரும் கயிற்றில் தொங்கினார்கள். ராக்காயி நட்டுவைத்த கல்லாட்டம் நின்றது.

"கயித்த விடுங்க சாப்" என்று தெரிந்த இந்தியில் கெஞ்சிவிட்டு, பின்னால் போய் நின்று ஊர்ச்சத்தம் கொடுத்தான். காதைத் திருப்பிற்று ராக்காயி. பொதியோடு மைதானத்தையே சுற்றி வந்துவிட்டது.

அவல்தார் முறைத்தார். "இதைக் கெடுத்தவன் நீதானா? கால் ஆறினதும் லாயம் முழுக்க நீதான் கூட்டணும்!"

"கூட்டுறேன் சாப். சுடுறது?"

"நல்லாத்தானே நடக்குது, எதுக்குச் சுடணும்?"

நல்லசாமி லீவில் ஊருக்கு வந்தபோது கூடவந்த ஒலியுல்லா எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பெண்டாட்டி வடிவு கரண்டியோடு வந்தாள். "எங்காத்தா பேரையா கழுதைக்கு வச்சீங்க?"

உள்ளேயிருந்து ராக்காயி குரல் கொடுத்தாள்: "அவரை உசுரோட கொண்டாந்துச்சுல்ல, பேரு இருந்துட்டுப் போகட்டும். ஏன் மாப்ளே, வெல்லம் அதுக்கு மட்டுந்தானா?"