சுவரைப் பார்த்த விசிறிகள்

தெருவில் அவளுக்குத் தையல்காரம்மா என்று பெயர். அவள் வீட்டுக்காரருக்கு றெக்கைக்காரர் என்று பெயர். பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற, இடுப்பைப் பிடிக்க, கிழிந்த காலரைத் திருப்பிப் போட என்று அவளைத் தேடி நாலு பேர் வருவார்கள். அவரைத் தேடி ஒருத்தரும் வரமாட்டார்கள். குடிநீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. அது முடிந்ததும் தன் பச்சைப் பொம்மை விமானத்தைத் தூக்கிக்கொண்டு எதிர் மைதானத்துக்குப் போய்விடுவார். ரிமோட் கிமோட் எதுவும் கிடையாது. விமானத்தின் இறக்கையிலிருந்து மெல்லிய கம்பிகள் இரண்டு வந்து அவர் கையிலிருக்கும் பிடியில் முடியும். அவர் நடுவில் நின்று சுற்ற, விமானம் அவரைச் சுற்றி வரும். பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும், குட்டிக்கரணம் போடும். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ஒரு மனுஷன் இப்படி நடுமைதானத்தில் பம்பரம் சுற்றினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய கவலையெல்லாம் விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லர்தான். அவள் அதை விசிறி என்பாள். ஒவ்வொரு விசிறியிலும் இரண்டு எண் இருக்கும். முதல் எண் நீளம். இரண்டாவது, ஒரு சுற்றுக்கு அது காற்றை எவ்வளவு தூரம் திருகிக்கொண்டு முன்னே போகும் என்பது. நீளம் கூடினால் எஞ்சின் திணறும். திருகு கூடினால் விமானம் மட்டமாகப் பறக்கையில் சீறும், ஆனால் மூக்கைத் தூக்கினால் மூச்சு வாங்கும். தலைக்கு மேலே வரும்போது வேகம் செத்தால் கம்பி தொய்ந்துவிடும், கம்பி தொய்ந்தால் விமானம் தலைமேலேயே விழும். இது எதுவும் நடக்காமல், ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வேகத்தில் போக வைக்கிற விசிறி ஒன்று எங்கோ இருக்கிறது என்று அவர் நம்பினார். கண்ட கண்ட விசிறிகளையெல்லாம் வாங்கிப் பின்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். போட்டுப் பார்த்துப் பிடிக்காமல் போனால், அதைத் திருப்பி முகம் சுவரைப் பார்க்க மாட்டிவிடுவார். வேண்டாத மருமகளைப் பார்க்கிற மாதிரி அதன் மூஞ்சியில்கூட விழிக்க மாட்டார்.

கடைசியாக ஒரு புது எஞ்சின் வாங்கினார். எல்லா விசிறியையும் முன்பக்கம் திருப்பிவிட்டு, முதலிலிருந்து தொடங்கலாம் என்று உற்சாகமாக இருந்தார். அந்த மழைக்காலத்தில், யாரோ வீட்டு மீட்டர் குழியில் எண்ணைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

வந்த சனமெல்லாம் போய், மகளும் தன் வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம், ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு மைதானத்திலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. மிதிப்பதை நிறுத்தினாள். சத்தம் கிட்டே வந்தது, தள்ளிப் போனது, மறுபடி கிட்டே வந்தது. சுற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். மைதானம் காலி. ஓரத்தில் ஒரு நாய் மட்டும் உட்கார்ந்திருந்தது. அது தலையை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்பியது, பிறகு வலமிருந்து இடமாகத் திருப்பியது. அதன் கண் எதையோ விடாமல் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. விளக்கெண்ணெய் கருகின வாடை ஜன்னலுக்குள் வந்தது. அந்த எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெயின் வாடை அது.

காலையில் பெருக்கப் போனபோது பின்னறையில் விமானம் அவர் விட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது, தூசிகூடக் கலையவில்லை. சுவரில் முதல் ஆணியில் இருந்த விசிறி மட்டும் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாம்தான் துடைக்கும்போது திருப்பியிருப்போம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மறுநாள் இரண்டாவதும் திரும்பியிருந்தது. அவள் அன்றைக்குத் துடைக்கவே இல்லை.

விடுமுறைக்கு மகள் வந்தாள். சாயங்காலம் காபியைக் கையில் எடுத்ததும் சத்தம் ஆரம்பித்தது.

"யாரோ புல்லு வெட்டுறாங்கம்மா," என்றாள் மகள்.

"எங்க வெட்டுறாங்க, காட்டு பாப்போம்."

மகள் ஜன்னலுக்குப் போனாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நாயையும் பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அந்த ஏரோப்ளேன வித்துடலாம்மா. வீட்ல எதுக்கு அதெல்லாம்?"

"இருக்கட்டும் விடு. அது யாரு சோத்தத் திங்குது?"

கிளம்பும்போது மகள் மைதானத்துப் பக்கம் திரும்பாமலே வண்டியில் ஏறினாள்.

தையல்காரம்மாவுக்குப் பயம் போய்விட்டது. அட, செத்தும் இந்த மனுஷனுக்குப் பைத்தியம் தெளியவில்லையே என்று சிரிப்புகூட வந்தது. வாடிக்கையாளர்களை மூன்று மணிக்குள் பேசி அனுப்பிவிட்டு, முகம் கழுவி, தலைசீவி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தையல் மெஷின் ஓடாமல் இருந்தால் போதும், காது எஞ்சினிலேயே இருக்கும். இன்றைக்கு விசிறி பெரிது, திணறுகிறது. இன்றைக்குத் திருகு அதிகம், ஏறும்போது குரல் உடைகிறது. காலையில் போய்ப் பார்த்தால் அது திரும்பியிருக்கும்.

ஒருநாள் காலை, இன்னும் திரும்பாத விசிறிகளின் வரிசை ரொம்பவும் குறைந்திருப்பதைக் கவனித்தாள். அவர் வருவது விசிறி தேட. சரியானது கிடைத்துவிட்டால் அவருக்கு இங்கே வேலையில்லை. எல்லாம் திரும்பிவிட்டாலும் வேலையில்லை. எப்படிப் பார்த்தாலும் போய்விடுவார். ஒருதரம் போனதையே அவளால் தாங்க முடியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு, அவர் எப்போதும் போகும் பொம்மை விமானக் கடைக்குப் போனாள். கடைக்காரர் எழுந்து நின்றார்.

"வாங்க அண்ணி. என்ன வேணும்?"

"அந்தப் பச்ச ஏரோப்ளேனுக்கு விசிறி வேணும் தம்பி."

"யாராவது ஓட்டுறாங்களா? நல்லதாப் போச்சு. இந்தாங்க, பத்துக்கு ஆறு. அந்த எஞ்சினுக்கு நல்லா வரும்."

"நல்லா வருமா? அப்ப வேண்டாம்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"சுமாரா வர்றது வேணுமா?"

"சுமாரும் வேண்டாம். பொருந்தவே பொருந்தாதது எது இருக்கு? அதக் குடுங்க."

கடைக்காரர் விற்காமல் மூலையில் கிடந்தவற்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். அவள் அவற்றைச் சீதனம் மாதிரி பொத்தி எடுத்துவந்து ஆணியில் மாட்டினாள். சாயங்காலம் மைதானத்தில் எஞ்சின் இருமியது, செருமியது, பாதியில் அணைந்தது. அவர் படும் எரிச்சல் அவளுக்குத் தெரியாதா? பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவற்றையெல்லாம் அவர் போட்டுப் பார்த்தார், திருப்பி வைத்தார், மறுநாள் மறுபடி வந்தார். அவள் திரும்பத் திரும்பக் கடைக்குப் போனாள்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்த ஒருத்தியிடம் குப்பையைத் தள்ளிவிட்டுக் காசு வாங்குகிறோமே என்று உறுத்தல். அவரே ஒரு மர விசிறியை எடுத்தார். முனை இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், முதுகைத் தேய்த்தார், கத்தி விளிம்பில் வைத்து இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்த்தார். அச்சடித்த எண் தேய்ந்தே போயிற்று. அந்த எஞ்சினையும் விமானத்தையும் கூடவே இருந்து பார்த்தவர் அவர். அடுத்தமுறை அவள் வந்தபோது அதைத் தாளில் சுற்றி நீட்டினார்.

"இது எதுக்கும் ஒதவாது அண்ணி. நம்பரே இல்ல பாருங்க. இருந்தாலும் எடுத்துட்டுப் போங்க."

நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லி விற்றது அவர் தொழிலில் அதுதான் முதல் தடவை. அவள் சந்தோஷமாக வாங்கிவந்து மாட்டினாள்.

அன்றைக்கு விசிறியை ஒருதரம் சுண்டியதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது. மட்டமாகச் சுற்றும்போது குரல் சோம்பலாக, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிறவர் பேச்சு மாதிரி இருந்தது. மேலே ஏறியதும் அதுவே உறுதியானது. உச்சியைத் தாண்டி இறங்கியபோது மறுபடி தணிந்தது. வேகம் ஓரிடத்திலும் கூடவில்லை, குறையவில்லை. அவளுக்குப் பறப்பது தெரியாது, ஆனால் இத்தனை நாள் கேட்டதில் காது தேறியிருந்தது. இதுதான். பாவி மனுஷன் ஆயுசு முழுக்கத் தேடியது இதுதான். எண்ணெய் தீரும்வரை ஓடிவிட்டு எஞ்சின் தானாக நின்றது.

பிறகு செருப்புச் சத்தம். மைதானத்தைக் கடந்து, தெருவைக் கடந்து, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. இதுவரை அவர் இவ்வளவு கிட்டே வந்ததில்லை. அவள் எட்டிப் பார்க்கவில்லை. மெஷினின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

உயிரோடு இருந்த காலத்திலும் திரும்பி வந்ததும் இதைத்தான் கேட்பார். அவளும் நூலைக் கோத்தபடியோ துணியைக் கத்தரித்தபடியோ, தலையைத் தூக்காமல், "நல்லா இருந்துச்சு" என்பாள். எஞ்சின் சத்தத்தைக் காதில் வாங்கியிருக்கவே மாட்டாள். மெஷின் ஓடும்போது வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டால் அவர் பேசாமல் உள்ளே போய்விடுவார், அவ்வளவுதான்.

இப்போது அவள் தலையைத் தூக்கினாள்.

"நல்லா இல்லீங்க. குரல் எங்கயோ ஒடையுது. வேற ஒண்ணு போட்டுப் பாருங்க. நான் வாங்கி வச்சிருக்கேன்."

கீழே அவர் சிரித்தார். கோபமில்லாத, லேசான சிரிப்பு.

"இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் நீ காது குடுத்துக் கேட்டிருக்க," என்றார்.

செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. மைதானம் வரைக்கும் கேட்டது, அதற்கப்புறம் கேட்கவில்லை.

மறுநாள், அவர் முதலிலிருந்து மறுபடி தொடங்கட்டும் என்று, அவள் விசிறிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முன்பக்கம் திருப்பி மாட்டினாள். முகம் கழுவி, தலைசீவி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளிச்சம் போகும்வரை சத்தம் வரவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். அவர் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.