ஸ்டீபன் அண்ணன் ஏணியிலிருந்து திரும்பி ஏறிய நாள்

ஸ்டீபன் அண்ணன் இறந்துவிட்டார். ரெம்பாவ் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்... ஹார்ட் அட்டாக்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். போனை வைத்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஒன்றாக வேலை செய்தோம். அவர் ஃபிட்டர். நான் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வாய் மட்டும் நீளம்.

அங்கே பழக்குலை போகும் கன்வேயர் அடைத்துக்கொண்டால் ஆள் உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும். மெயின் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்வரை "டூ..." என்று ஒரு சத்தம் வரும். யாராவது மெயினைப் போட்டால் சத்தம் நின்றுவிடும், பத்து விநாடி கழித்துத்தான் கன்வேயர் ஓடும். அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

அந்தச் சத்தப் பெட்டியைச் செய்தது நான்.

உள்ளே ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். ஒரு அலையை வரிசையாக எண்களாக எழுதி வைத்தேன். எண்ணை வோல்டேஜாக மாற்றும் டிஏசி அதை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். சிப்பே அந்த எண்களைச் சுற்றிச் சுற்றி எடுத்துக் கொடுக்கும், புரோகிராம் கை வைக்கவே வேண்டாம், மெயினைப் போட்டால் சத்தத்தை நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. அதில் எனக்கு ஏகப் பெருமை.

அன்று கன்வேயர் அடைத்துக்கொண்டது. பழ லாரிகள் கேட் தாண்டி ஜாலான் வரைக்கும், ரோட்டிலேயே நிற்கின்றன, மேஸ்திரி மண்டோர் கத்துகிறார். சத்தம் அழகாக வந்துகொண்டிருந்தது.

அண்ணன் ஏணியில் ஒரு காலை வைத்தார். நின்றார். திரும்பி மேலே ஏறி வந்தார்.

"தங்கச்சி, மெயின போடு. சத்தம் நிக்குதான்னு பாப்போம்."

"நேத்தே டெஸ்ட் பண்ணிட்டேன் அண்ணே. ஓகேதான்லா."

"நேத்து நான் உள்ள எறங்கல. போடு."

எரிச்சலோடு போட்டேன்.

டூ... டூ... ஐந்து விநாடி... எட்டு... சத்தம் நிற்கவில்லை. கன்வேயர் அடைத்திருந்த குலைகளை நசுக்கிக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. அவர் நின்றிருக்க வேண்டிய இடத்தின் மேல் இரும்புத் தகடுகள் ஒவ்வொன்றாகப் போயின. என் பெட்டி மட்டும் "பயமில்லை, பயமில்லை" என்று பாடிக்கொண்டே இருந்தது.

புரோகிராம் எப்போதோ ஹேங் ஆகிவிட்டிருந்தது. சிப் தன்பாட்டுக்கு எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஆபீஸ்ல நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா கம்ப்ளைன்ட், நீ சொன்னா ரிப்போர்ட்" என்றார்.

சொன்னேன். மேனேஜர் போட்ட சத்தத்துக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை ஆபீஸ் வாசலிலேயே நின்றார்.

பிறகு பெட்டியை மாற்றினேன். மெயின் ஆஃப்தானா என்று புரோகிராம் ஒவ்வொரு தடவையும் பார்த்த பிறகுதான் ஒரு "டூ" வரும், ஹேங் ஆனால் சத்தமும் செத்துவிடும். அப்படியும் அவர் எப்போது இறங்கினாலும் முதலில் மெயினைப் போடச் சொல்வார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்: "இன்னும் நம்பிக்கை இல்லையா அண்ணே?"

"நம்பிக்கையெல்லாம் ஞாயித்துக்கெழம சர்ச்சுல. இது கன்வேயர்லா."

இன்று காலை போனில் அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் அப்பா அன்று உள்ளே இறங்கியிருந்தால், கொன்றது நானாகத்தான் இருந்திருக்கும் என்று. இத்தனை வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் சொல்ல வாய் வரவில்லை.

அவளுக்கு முன்பே தெரியுமாம்.

"அன்னைக்கே வீட்டுல சொன்னாரு அக்கா. அந்தப் புள்ள நாளைக்கு வேலைக்கு வருமோ வராதோன்னு ராத்திரி பூரா தூங்கல. மறுநாள் நீங்க வந்தீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சாரு."

நான் இதுவரை அழவில்லை. அதைக் கேட்டுத்தான் அழுதேன்.

சரி அண்ணே... பத்திரமாப் போங்க.