உறைக்கு அடியில் போன பூட்டு

என் சித்திக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். பெற்றவள் வைத்த பெயரை எங்கள் சனத்தில் யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவன் மழமழதான். சின்ன வயதிலேயே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் தூங்கமாட்டான். எழுந்து உட்கார்ந்து உள்ளங்கையால் தடவித் தடவி, "மழமழன்னு இருந்தாத்தான் தூக்கம் வருது" என்பான். அதே கட்டிலில் படுத்த அவன் தங்கச்சி, "இவன் தடவுற தடவுல விரிப்பே தேஞ்சு போயிடும். அப்புறம் ரெண்டு பேரும் பலகையிலதான் படுக்கணும்" என்று சித்தியிடம் முறையிடுவாள். அந்தத் தங்கச்சியும் இதில் வருகிறாள்.

படிப்பு ஏறவில்லை. மெத்தைக் கடையில் பஞ்சு அடைத்தான், பஸ் சீட்டுகளுக்கு ரெக்ஸின் மாட்டினான், கடைசியில் தனியாகக் கடை போட்டான். ஒரு பக்கம் டயர் கடை, மறு பக்கம் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கொட்டகை, நடுவில் இழுத்து மூடுகிற இரும்புக் கதவோடு ஒற்றை அறை. என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். ஓரம் மடிப்பது, நூல் பிசிறு வெட்டுவது என் வேலை. கல்யாணம் மட்டும் அவனுக்கு அமையவில்லை. ஓர் இடத்தில் பெண் பேசப் போனோம். பெண் வந்து எதிரே உட்கார்ந்தது. இவன் அந்த வீட்டு சோபாவின் தையலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும், "பொண்ணு எப்படிடா?" என்றேன். "ஓரத்துல பிரிஞ்சிருக்கு அக்கா, யாரும் கவனிக்கல போல" என்றான்.

வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உறையை இழுத்து மாட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சீட்டின் மேல் உள்ளங்கையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டுவான். எங்கேயாவது கை தட்டினால் அவிழ்த்து மறுபடி மாட்டுவான். பின்சீட்டில் கை தட்டுகிற இடம் ஒன்று எப்போதும் இருக்கும். பெல்ட்டின் நாக்கைச் செருகுகிற பூட்டுகள், உட்காரும் பலகைக்கும் சாயும் பலகைக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவன் கண்ணுக்கு அதுவும் சுருக்கம்தான். அந்த இடத்தில் துளை விட்டுத் தைத்தால் உறையின் அழகு கெட்டுவிடும் என்பான். அதனால் பூட்டுகளை இடுக்குக்குள் அழுத்திவிட்டு, மேலே உறையை இழுத்து மூடிவிடுவான். பின்சீட்டு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கும்.

அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செய்ததற்கு யாரும் குறை சொல்லவும் இல்லை. பின்னால் உட்காருகிறவர்களுக்குப் பெல்ட் எதற்கு, அவர்களா வண்டி ஓட்டப் போகிறார்கள் என்பதுதான் ஊர் நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் வண்டிக்கும் இவன்தான் உறை போட்டான். ஒருநாள் அந்த வண்டி நின்றுகொண்டிருந்த லாரியில் மோதிவிட்டது. முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் சிராய்ப்போடு இறங்கினார்கள். பின்னால் இருந்த மகள் இறங்கவில்லை. ஆறாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளை. துக்கம் கேட்கப் போய்விட்டு வந்தோம். அதோடு முடிந்தது என்றிருந்தோம்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"உக்காருங்க" என்றான் இவன்.

"உக்கார வரல. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு பாப்பா பெல்ட் போட்டுக்கறேன்னு சொன்னா. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களாம். பெல்ட்டை இழுத்துக் கையில வச்சுக்கிட்டு, அப்பா லாக்கு எங்கேன்னு கேட்டா. சீட்டைத் தடவிக்கிட்டே இருந்தா. சர்ரு சர்ருன்னு எனக்குப் பின்னால கேட்டுது. இதோ வந்துட்டோம், விடும்மான்னு சொல்லிட்டேன்." கடைக்குள் சுற்றிப் பார்த்தார். "அந்த லாக்கு எங்க இருந்துச்சு? அத மட்டும் காட்டுங்க."

பாதி வேலையில் ஒரு பின்சீட்டு கடைக்குள்ளேயே கிடந்தது. மழமழ அதன் அருகே போனான். உறையின் ஓரத்தைப் பிரித்து, இடுக்குக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, பூட்டை வெளியே இழுத்துக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார்.

"அவ கைக்கு நேர் கீழதான் இருந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவன் தேறியிருப்பான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

அன்றிலிருந்து அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ரெக்ஸின் மேல் சின்னக் கை ஒன்று தடவித் தேடுகிற சத்தம். தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே இருப்பான். சட்டென்று காலை எடுத்துவிடுவான். "அக்கா, சீட்டத் தொட்டியா?" என்பான். நான் வாசல் பக்கம் நூல் வெட்டிக்கொண்டிருப்பேன். அறையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். முதலில் எலி என்றேன். பிறகு காற்று என்றேன். ஒருநாள் அவன் என்னிடம் ஒன்றுமே விசாரிக்காதபோது எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. அதன் பிறகு நான் எலியைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

உறை மாட்டி முடித்ததும் உள்ளங்கையை ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான். பூட்டுக்கு இடம் விட்டுத் துளை வெட்டி, ஓரம் மடித்துத் தைக்க ஆரம்பித்தான். மெக்கானிக்குகளிடம் போய் நின்று, பெல்ட்டும், மோதும்போது விரிகிற ஏர்பேக் என்ற காற்றுப்பையும் எப்படி வேலை செய்கின்றன என்று துருவித் துருவிக் கேட்டான். முன்சீட்டின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வண்டி வந்தால், பை விரிவதை மறிக்காமல் இருக்க, அந்த இடத்தில் உறையே வராதபடி வெட்டி விட்டுவிடுவான்.

ஏற்கெனவே தைத்துப் போட்டவற்றை என்ன செய்வது? யாருக்குத் தைத்தான் என்று எழுதி வைக்கிற பழக்கம் அவனிடம் இல்லை. தன் தையலைத் தெருவில் கண்டால் தெரியும், அவ்வளவுதான். சட்டைப்பையில் பிளேடோடு கிளம்பிவிடுவான். பெட்ரோல் போடுகிற இடத்திலும் சந்தை வாசலிலும் நின்று கார்களுக்குள் எட்டிப் பார்ப்பான். தன் உறை என்று தெரிந்தால் கண்ணாடியைத் தட்டி, "பின் கதவைக் கொஞ்சம் திறங்க சார், லாக்க எடுத்து விடணும்" என்பான். திறந்தவர்களும் உண்டு, திருடன் என்று கத்தியவர்களும் உண்டு. அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் வாய் திறக்கமாட்டான். டயர் கடைக்காரர் என்னிடம், "தைச்சதும் அவரு, கிழிக்கிறதும் அவரு. நானும் போய் நான் போட்ட டயரையெல்லாம் குத்திட்டு வரட்டுமாக்கா?" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது.

தேடாமலே தெரிந்த வண்டி ஒன்று இருந்தது. அவன் தங்கச்சி வீட்டு வண்டி. தங்கச்சி புருஷன் கடிகாரம் பழுது பார்க்கிறவர். அவர் கார் வாங்கியபோது மழமழ ஆசையாகப் பாலாடை நிறத்தில் உறை தைத்துக் கொடுத்தான். அவன் கை வேலையில் அதுதான் ஒசத்தி. கடிகாரக்காரர் அதன் மேல் யாரையும் ஈரத்துணியோடு உட்காரவிடமாட்டார்.

இவன் பிளேடோடு போய் நின்றதும் அவர் கார்க் கதவை மறித்து நின்றார். "ஊரெல்லாம் சிரிக்குது மச்சான். பைத்தியம் முத்திடுச்சுன்னு பேசுறாங்க."

"ரெண்டே கீறல் மச்சான். ஓரம் மடிச்சுக் குடுத்திடறேன்."

"குடுத்தத திருப்பிக் கிழிக்கிற ஆள இப்பத்தான் பாக்கறேன். பின்னால உக்கார்றது எங்க வீட்டு ஆளுங்க. பிடிச்சுக்கக் கைப்பிடி இருக்கு, போதும். இனி பிளேடோட இந்த வாசப்படி ஏறாதீங்க."

தங்கச்சி உள்ளேயிருந்து, "அண்ணே, தங்கச்சியப் பாக்கணும்னா வா. காரப் பாக்க வராத" என்றாள். காரணத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் பிளேடைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டான். அதிலிருந்து அந்த வீட்டுக்கும் அவனுக்கும் பேச்சில்லை.

அந்தத் தங்கச்சி மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவள் புருஷன் கப்பல் வேலையில் இருந்தான். அங்கிருந்தே குழந்தைக்கென்று ஒரு சீட்டு வாங்கி அனுப்பியிருந்தான். தொட்டி மாதிரி, குழந்தை பின்பக்கம் பார்த்துப் படுக்கிற சீட்டு. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்புகிற நாளில் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். "நானும் வரேன் அக்கா" என்றான் மழமழ. "அவர் மூஞ்சியத் திருப்பிக்குவார்டா" என்றேன். "திருப்பிக்கட்டும். அந்த வண்டியிலதான அக்கா புள்ள போகப்போகுது?" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. கடிகாரக்காரர் குழந்தை சீட்டை முன்சீட்டில் வைத்து, பெல்ட்டைச் சுற்றிப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். தங்கச்சி மகள், எனக்கும் மகள்தான், சக்கர நாற்காலியில் குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். தங்கச்சி அவள் பின்னால் நின்றாள்.

"அப்பா, அவர் பின்சீட்டுலதான் மாட்டணும்னு சொன்னார்" என்றாள்.

"பின்னால எங்கம்மா மாட்டறது? தேடித் தேடிப் பாத்துட்டேன், லாக்கே இல்ல. வச்சா வழுக்கிக்கிட்டு ஓடுது. முன்னாடி லாக்கும் இருக்கு, ஏர்பேக்கும் இருக்கு. இதவிடப் பாதுகாப்பு ஏது?"

மழமழ என் கையைப் பிடித்தான். தேடித் தேடிப் பார்த்தேன் என்ற சொல் அவனுக்குள் போய் எதை எழுப்பியது என்று எனக்குத் தெரியும். என் கையை விட்டுவிட்டு நேரே போய்க் காருக்கும் அவருக்கும் நடுவில் நின்றான்.

"முன்னாடி வேணாம் மச்சான். அந்தப் பை மெத்தை மாதிரி மெதுவா வர்றதில்ல. வெடிச்சு வரும். பெரியவங்களுக்குத்தான் அது. இந்தத் தொட்டியோட முதுகு அதுக்கு நேரா இருக்கு. வெடிச்சா அது அடிக்கிறது புள்ள தலையத்தான்."

"பிளேடு கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் அவர்.

"கொண்டுவந்திருக்கேன்."

"தள்ளுங்க மச்சான். நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றான். பிறகு, நான் ஒருநாளும் அவனிடமிருந்து கேட்காத பேச்சு வந்தது. மருந்துக்கடைக்காரர் மகளைச் சொன்னான். பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தடவித் தேடியதைச் சொன்னான். "லாக்க நான்தான் உள்ள அழுத்தி மூடினேன். யாரும் சொல்லிச் செய்யல. அழகா இருக்கட்டும்னு செஞ்சேன். உங்க வண்டியிலயும் அதேதான் செஞ்சிருக்கேன். இல்லாம இல்ல மச்சான், இருக்கு. உங்க கைக்கு அடியிலயே இருக்கு."

கடிகாரக்காரர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். வாசல் காவல்காரர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். அவரை யாரும் கவனிக்கவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து எங்கள் மகள்தான் சொன்னாள்: "மாமா, கிழிங்க."

தங்கச்சி பின் கதவைத் திறந்துவிட்டாள்.

மழமழ பையிலிருந்து பிளேடை எடுத்தான். உறையை இரண்டு பக்கமும் நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பாலாடை நிற ரெக்ஸின் வாயைத் திறந்தது. கையை உள்ளே விட்டான். எதையோ தொட்டவன் மாதிரி ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு மெல்ல இழுத்தான். ஸ்பாஞ்சுத் தூள் ஒட்டிக்கொண்டு பூட்டு வெளியே வந்தது. சட்டைத் துணியால் துடைத்தான், வாயால் ஊதினான். பக்கத்தில் இன்னொரு கீறல் போட்டு அடுத்த பூட்டையும் எடுத்துவிட்டான்.

குழந்தை சீட்டைப் பின்னால் வைத்து, அதன் மேல் முழங்காலை அழுத்தி, பெல்ட்டை இழுத்து இறுக்கியது கடிகாரக்காரர்தான். நாக்கைப் பூட்டுக்குள் செருகினார். டக்கென்று விழுந்தது. சின்னச் சத்தங்களோடு காலம் தள்ளுகிற மனுஷன் அவர். தலையைச் சாய்த்துக் கேட்டார். கழற்றி இன்னொரு தடவை செருகிக் கேட்டார். சீட்டைப் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை.

"ஓரத்த நாளைக்கு மடிச்சுக் குடுத்திடுங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. இவனுக்கு அதுவே அதிகம்.

குழந்தையைப் படுக்கவைத்து, தோளிலும் இடுப்பிலும் வார்களைப் போட்டு, எங்கள் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். வண்டி கிளம்பிப் போனது. மழமழ அது நின்ற இடத்திலேயே நின்றான். வலது கை அவன் தொடை மேல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் கேக்குதாடா?" என்றேன்.

"கேக்குதுக்கா" என்றான்.

அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தான். தங்கச்சி வீட்டுக்குப் போக்குவரத்து சரியாகிவிட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து, அதற்கேற்ற பெரிய சீட்டுக்கு மாறியபோது இவன்தான் போய் மாட்டிக் கொடுத்தான். ஆனாலும் தெருவில் தன் உறை போட்ட வண்டி எதையாவது கண்டால் செருப்பு கழன்றாலும் பின்னாலேயே ஓடுவான். எத்தனை வண்டிகள் மிச்சம் இருந்தன என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கடைசியில் படுத்த படுக்கையாகி, தங்கச்சி வீட்டில்தான் கிடந்தான். நினைவு வந்து வந்து போகும். கை மட்டும் விரிப்பின் மேல் ஓயாமல் ஓடும். "பாருக்கா, இன்னும் சுருக்கம் எடுத்துக்கிட்டு இருக்கான்" என்று தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். எனக்கு அது சுருக்கம் எடுப்பதாகத் தெரியவில்லை. அவனோடு ஒரே கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். சுருக்கம் எடுக்கிற கை விரிந்து போகும். இந்தக் கை ஓரத்துக்குப் போனதும் விரல்களை மடக்கி, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் அழுத்தி அழுத்திப் பார்த்தது.

ஒருநாள் அந்த இடுக்கில் என் கையை விட்டு அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே, "கெடச்சுதா அக்கா?" என்றான்.

"கெடச்சிடுச்சுடா" என்றேன்.

கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு விரல்களை மெல்ல உருவிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தடவ ஆரம்பித்தான்.