தங்கை மகளின் கண்ணாடிப் பாவாடை

சிரம்பான் தீபாவளிப் பசாரில் அந்தக் கண்ணாடிப் பாவாடையைக் கண்டதும் எனக்குக் கால் நகரவில்லை. கருநீலத் துணி முழுக்க வட்ட வட்டமாகக் கண்ணாடி, சுற்றிலும் சிவப்பு நூல் தையல். குஜராத் சரக்காம்.

"பிள்ளைக்கு எத்தன வயசுக்கா? உயரம் சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

"ஆறு," என்றேன். உயரத்துக்கு நான் எங்கே போவேன்? கடல் தாண்டிக் கூச்சிங்கில் இருக்கும் என் தங்கையின் மகள் அவள். மூன்று வயதில் பார்த்ததோடு சரி.

தப்பு என்னுடையதுதான். அம்மா இறந்த அன்று விமானம் தாமதமாகி, எல்லாம் முடிந்த பிறகுதான் மந்தின் ஊருக்குப் பக்கத்து எங்கள் எஸ்டேட் வீட்டுக்குத் தங்கை வந்து சேர்ந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவளை, "இப்ப எதுக்கு வந்த?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுத் தொலைத்தேன். என் வாயைத்தான் முதலில் தைத்திருக்க வேண்டும். அன்றைக்குப் போனவள்தான், என் போனை எடுப்பதே இல்லை.

பெரிய அளவாகவே வாங்கினேன். எஸ்டேட்டில் அப்படித்தான், பாவாடையின் அடியை உள்ளே மடித்துத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவோம். எங்கள் இருவருக்கும் அம்மா அப்படித்தான் செய்தாள். ஆனால் கண்ணாடித் துணியை மடித்தால் கண்ணாடி ஒன்றோடொன்று இடித்து உடையுமே! ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் அந்தப் புத்தியே வந்தது. கீழ் வரிசைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். மனதில் இருந்த உயரத்தோடு கொஞ்சம் கூட்டி, இருபத்திரண்டு இன்ச்சுக்கு மடித்துத் தைத்தேன். ஒரு வாரம் பிடித்தது.

"ஒரு மெசேஜ் போட்டு அளவு கேளுலா," என்று என் வீட்டுக்காரர் நச்சரித்தார்.

"போட்டா மட்டும் பதில் சொல்லிடுவாளா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் பாவாடையைப் படமெடுத்து அனுப்பி, பாப்பாவுக்கு எத்தனை இன்ச் வேண்டும் என்று கேட்டேன். மன்னிப்பும் கேட்டிருக்கலாம். பாழாய்ப்போன வீம்பு விடவில்லை.

இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் பதில் வந்தது. நலமா என்று இல்லை, அக்கா என்றுகூட இல்லை.

'இருபத்தாறு இன்ச்.'

அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கத்திரிக்கோலை எடுத்து மடிப்பைப் பிரித்தேன். நாலு இன்ச்! அவள் அவ்வளவு வளர்ந்ததை நான் பார்க்கவே இல்லையே.