மூன்றாம் மாடி ஜன்னலும் நாலு மணிப் படகும்

மெஷினை ஜன்னலோரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக என்றுதான் தையல்காரம்மா சொல்லிக்கொள்வாள். நம்பினால் நம்புங்கள். தினமும் நாலு மணிக்கு, நகரத்தைச் சுற்றிக்காட்டும் படகு கீழே ஆற்றில் போகும். கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாலும் சரி, காஜா எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, அவள் கை தானாக நின்றுவிடும். பதினொரு வருஷமாக இதே கதை.

ஒரு நாள் போகலாம் என்று கணவரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர், குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். இதைச் சொல்லி அவரே முதலில் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் லிஃப்டுகளுக்குச் சீக்கு வரும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், படகு அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகும்.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆள் பிடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. படி இறங்குவது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு. நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். நாலு மணிக்கு இருவரும் பார்ப்பார்கள். படகைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறக்க மாட்டார்கள்.

இப்படி இருக்கையில் அவர், மனைவியின் தங்கையை ரகசியமாகப் பிடித்து ஒரு டிக்கெட் வாங்கிவரச் செய்துவிட்டார். ஒன்றே ஒன்று. அதைக் கண்டதும் தையல்காரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களை இப்படிப் போட்டுவிட்டு நான் ஊர் சுற்ற வேண்டுமா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பொரிந்து தள்ளினாள். அது வாய் சொன்ன காரணம். தனியாகப் போய்விட்டால், இனி சேர்ந்து போகப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்பதுதான் மனசு சொன்னது. போகவும் ஆசை, போகப் பயம். டிக்கெட்டைப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டு, இரண்டு நாள் அந்த டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள்.

மூன்றாம் நாள் அவர் சொன்னார்: "என்னால நீயும் இந்த ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கற. ஒரு தடவையாவது நீ சந்தோஷமா இருக்கறத நான் பார்க்கணும். இங்க உட்கார்ந்தே பார்த்துக்கறேன். போயிட்டு வா."

அவள் டப்பாவைத் திறந்து டிக்கெட்டை வெளியே எடுத்தாள்.

ஆனால் அத்தனை கூட்டத்தில் அவளை எப்படி அடையாளம் தெரியும்? தையல்காரியிடமா இந்தக் கேள்வி! வெட்டுத்துணி மூட்டையோடு ஆற்றங்கரைக்கு இறங்கி, ஒவ்வொரு துணியாகத் தலைக்குமேல் விரித்துக் காட்டினாள். மேலே ஜன்னலில் அவர் இடது கையை ஆட்டி ஒவ்வொன்றையும் கழித்துக்கட்டினார். கரையில் நடந்தவர்கள், பாவம் நல்ல குடும்பத்துப் பெண் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனார்கள். கடைசியில் கிளிப்பச்சை தேறியது. அவள் வயதில் ஒருத்தியும் தொடாத நிறம். ஒரே மூச்சில் அதில் ஒரு மேல்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, அவரைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள்.

படகில் கால் வைத்ததும் பணியாள் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை நீட்டினான். தையல்காரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். பதினொரு வருஷம் நாள் தவறாமல் பார்த்த படகில் ஆரஞ்சைத் தவிர வேறு எந்த நிறத்தைக் கண்டாள்? அடுத்தவர் சட்டையில் ஒரு தையல் பிரிந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்தான். ஆனால் வாரும் கொக்கியுமாக இருந்த இதை அவள் ஒரு நாளும் உடுப்பில் சேர்த்ததில்லை. கழற்றிக்கொள்ளட்டுமா என்று கெஞ்சிப் பார்த்தாள். அவன் கொக்கியை இன்னும் இறுக்கிவிட்டான்.

கிடைத்ததோ கடைசி வரிசை. வழிகாட்டி பாலங்களையும் கோபுரங்களையும் காட்டிக்கொண்டு வந்தார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. வளைவு திரும்பியதும் வீடு தெரிந்தது. இத்தனை சின்ன ஜன்னலா அது? அதற்குள் இன்னும் சின்னதாக அவர். எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். அதே சமயம் முதல் வரிசையில் யாரோ ஒருத்தி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கரையைப் பார்த்துக் கையாட்டினாள். அவ்வளவுதான், அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து ஜன்னல் கட்டையை இடது கையால் பற்றி எழுந்தே விட்டார். பிறகு கட்டையை விட்டுவிட்டு அந்தக் கையை ஆட்டினார்.

இங்கே இருக்கிறேன் என்று கத்த வாயெடுத்தவள் கத்தவில்லை. இத்தனை வருஷம் அங்கிருந்து இதற்கு ஏங்கியவளுக்கு இப்போது அந்த ஜன்னல்தான் வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த தன்னுடைய ஸ்டூல் வேண்டியிருந்தது. படகு தாண்டிப் போயிற்று.

மூச்சிரைக்க மாடி ஏறி வந்தபோது தங்கை அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் அப்படியொரு களை.

"பார்த்துட்டேன். முதல் வரிசையில இருந்த. பச்சைய மறைச்சுட்டா எனக்குத் தெரியாதா? நீ அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு!"

அவள் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, "நீங்க எழுந்து நின்னீங்களே, அதப் பார்த்துத்தான்" என்றாள்.

"நானா? நின்னேனா?"

"நின்னீங்க. யாரும் பிடிக்கல. நான் பார்த்தேன்."

அவர் குனிந்து தன் வலது காலை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் படகுல ஏற எத்தனை படி?"

"படியே இல்ல" என்றாள். "ஒரு பலகைதான்."