அஞ்சலை கூட்டிக்கொண்டு போன கிடா

செய்தி வந்தபோது எங்கள் ஈப்போ வீட்டில் இருந்தவர்கள்: நான், லோரி ஓட்டிவிட்டு வந்து படுத்திருந்த என் கணவர், என் மகள் செல்வி, ரவிக்கைத் துணி கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மேரியக்கா. கோலாலம்பூரிலிருந்து தொலைபேசியில் பேசியது அஞ்சலை குடியிருந்த வீட்டுக்கார அம்மா. "அஞ்சலை போயிட்டாம்மா" என்றார். உடனே தொலைபேசியை வைத்துவிட்டார். மேரியக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் போய்ச் சாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

யார் யார் இருந்தார்கள் என்று ஒழுங்காக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுச் செலவில் ஒரு கட்டுக் கீரையைக்கூட எழுதாமல் விடாதவள் நான். அஞ்சலை இறந்த பிறகு எந்தக் கணக்கிலும் இல்லாத ஆட்கள் நிறைய முளைத்திருக்கிறார்கள். அவளைத் தூக்கி வளர்த்தவர்கள், படி படி என்று ஊக்கம் கொடுத்தவர்கள், மேல்படிப்புக்குக் கோலாலம்பூருக்கு வழியனுப்பி வைத்தவர்கள். வழியனுப்பியவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். அவளை ஏற்றிப் போன லோரியில் நானும் இருந்தேன்.

போன வாரம் தலைவர் குப்புசாமி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். செமோர் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அவர்தான் கோயில் தலைவர். தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகும் அந்தப் பட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அஞ்சலைக்கு நினைவுக் கூட்டமாம். நினைவு மலர்ப் புத்தகம் போடுகிறார்களாம். சின்ன வயதுத் தோழி என்பதால் நான் ஒரு கட்டுரை தர வேண்டுமாம். சரி என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"அப்புறம் லெட்சுமி, அன்னிக்கு முனியாண்டிக்கு ஒரு கிடா வெட்டுறோம். அவ ஆத்தா நேந்துக்கிட்டது இன்னும் பாக்கியாவே நிக்குதுலா. அத முடிச்சாத்தான் அந்தப் புள்ளைக்கு ஆத்மா சாந்தி."

அப்போது கும்பிட்டு வழியனுப்பி வைத்தேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

அஞ்சலையின் அம்மா ரப்பர் பால்மரம் சீவியவர். கணவரை இழந்தவர். மகள் பினாங்குக்குப் பட்டப் படிப்புக்குப் போன வருஷம், "எம்மவ இதுக்கு மேலயும் படிக்கப் போனா ஒனக்கு ஒரு கிடா" என்று முனியாண்டி முன்னால் நேர்ந்துகொண்டு, ஒரு குட்டியையும் வாங்கிக் கட்டினார். கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். மகள் திரும்பும்வரை குட்டியை என் அம்மா பார்த்துக்கொண்டார். பட்டம் வாங்கிய அஞ்சலை தோட்டத்துக்கே திரும்பி, செமோரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அம்மா இருந்த லயத்து வீட்டில் தனியாகக் குடியிருந்தாள். அந்த வீட்டில் அவள் வரும் நேரம் தெரிந்து வாசலைப் பார்த்து நின்ற ஒரே ஜீவன் அந்தக் கிடாதான்.

அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். தோட்ட மேனேஜரைத்தான் நாங்கள் எல்லோரும் துரை என்போம். "துரை வேலியத் தின்னுட்டாரு", "துரை வாசல்ல புழுக்க போட்டுட்டாரு, பாத்து நடங்க" என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி சொல்லும்போது ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதிப்பார். பலா இலையை அவள் கையிலிருந்து மட்டும்தான் துரை வாங்கித் தின்பார். கல்யாணமாகி ஈப்போவிலிருந்து வந்து போகும் நான் நீட்டினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். பெயருக்கேற்ற குணம்தான்.

எழுபதுகளின் பின்பாதியில் கோலாலம்பூரிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தில் செடிகொடிகளைப் பற்றிய மேல்படிப்புக்கு இடம். எங்கள் தோட்டத்தில் யாருக்கும் அதுவரை கிடைக்காதது. என்ன படிக்கப் போகிறாய், எங்கே தங்குவாய் என்று ஒருவர் கேட்டிருப்பாரா? "கிடா எப்ப?" என்றுதான் கேட்டார்கள். தலைவரும் கமிட்டிக்காரர்களும் வீட்டுக்கே வந்து துரையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பங்கு அங்கேயே பிரித்தாகிவிட்டது: ஆட்டுத் தலை பூசாரிக்கு, ஒரு தொடை தலைவர் வீட்டுக்கு, மிச்சம் கமிட்டிக்குப் போக மற்றவர்களுக்குக் குழம்பு. முனியாண்டிக்கு அதில் என்ன பங்கு என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாமி நம்பிக்கை இல்லாத இரண்டு பெண்கள் சேர்ந்து நேர்த்திக்கடனை ஏமாற்றினார்கள் என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் நானாகப் படித்த பக்திப் புத்தகங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் என் வீட்டில் அடுப்பு எரியாது. சாமியிடமே கேட்போம், பூப்போட்டுப் பார்ப்போம் என்று சொன்னதும் நான்தான்.

வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் கிடாவை உயிரோடு விட்டுவிட்டுப் பொங்கல் வைப்பது, சிவப்பு வந்தால் வெட்டுவது என்று எல்லார் முன்னாலும் பேசி முடித்தோம். தலைவரும் தலையாட்டினார். பூசாரியின் பேத்தி எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

"புள்ள கை தவறி எடுத்துருச்சி" என்றார் தலைவர். "இன்னொரு வாட்டி போடு."

மறுபடியும் வெள்ளை.

"மூணு வாட்டி கேக்கணும்லா. அதான் மொற."

அப்படி ஒரு முறையை நாங்கள் யாரும் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. மூன்றாம் முறை எடுத்த பொட்டலத்தில் சிவப்பு வந்தது. தலைவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கண்ணில் நீர்கூட வந்தது. "சாமி வாயத் தொறந்துருச்சி!" என்றார்.

அஞ்சலை சத்தமாகச் சிரித்துவிட்டாள். "ரெண்டு வாட்டி சாமி சொன்னப்ப ஒங்களுக்குக் கேக்கல. கறின்னு சொன்ன ஒடனே கேட்டுருச்சி. நல்ல காதுண்ணே."

"படிச்சிட்டா என்னா வேணும்னாலும் பேசலாமா? ஒங்க ஆத்தா நேந்தது அது."

"எங்க ஆத்தா நேந்தது சாமிக்கு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நடுவுல நீங்க யாரு, கறிக்கடையா?"

சாமி முதல் கேள்விக்கே பதில் சொல்லிவிட்டது. பேசியபடி மறுநாள் காலை நானும் அவளும் முனியாண்டி முன்னால் பொங்கல் வைத்துப் படைத்தோம். நேர்த்திக்கடன் அன்றோடு தீர்ந்தது. தீரவில்லை என்று நினைத்தவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாலையில் துரையை வெட்டுவதென்று கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலை அஞ்சலை பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய வேண்டும், போகாவிட்டால் இடம் போய்விடும். துரையை விட்டுவிட்டுப் போனால் அன்று மாலையே அவர் குழம்பாகிவிடுவார். பஸ்காரன் ஆட்டை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். என் கணவர் கோலாலம்பூர் பாசார் சந்தைக்குப் பம்ப்ளிமாஸ் பழம் ஏற்றிப் போகும் லோரியைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

நடுராத்திரியில் ஆட்டைக் கடத்தினோம் என்று இப்போது சொல்கிறார்கள். பட்டப்பகல். மண்டபத்தை ஒட்டித்தான் லோரி போனது. துரை தொண்டை கிழியக் கத்தினார். உள்ளே ஒருவரும் தலை தூக்கவில்லை. குடலை யார் கழுவுவது என்று தகராறு நடந்துகொண்டிருந்ததாம்.

"அஞ்சல, முன்னுக்கு வந்து ஒக்காரு லா, பின்னுக்கு வெயிலு" என்று என் கணவர் கூப்பிட்டுப் பார்த்தார். "துரைய பின்னுக்கு வச்சிட்டு நான் முன்னுக்கு ஒக்காந்தா மரியாத இல்லண்ணே" என்று அவள் பழக் கூடைகளுக்கு நடுவில், படுதாவுக்குக் கீழே, கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் பின்னால் ஏறினேன். கோப்பெங் தாண்டுவதற்குள் என் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைத் துரை முழுசாகத் தின்றுவிட்டார்.

சிலிம் ரிவர் என்ற ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். கடைக்கார பாய் லோரியை எட்டிப் பார்த்தார். "நல்லா வளத்திருக்கீங்கக்கா. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குடுக்கிறீங்களா? நல்ல வெல தாரேன்."

"இவரு விக்கிறதுக்கு இல்ல பாய். மேல்படிப்புக்குப் போறாரு" என்றாள் அஞ்சலை.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உள்ளே போய் முட்டைக்கோஸ் தழையை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து துரை முன்னால் கொட்டினார். காசு வாங்கவில்லை. "படிக்கப் போற புள்ள, பசியோட போகக் கூடாது" என்றார். துரையைச் சொன்னாரா அவளைச் சொன்னாரா தெரியாது. முன்பின் தெரியாத ஒரு பாய். எங்கள் கோயில் கமிட்டியில் அவ்வளவு பேர் இருந்தார்கள், ஒருவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரவில்லை.

கோலாலம்பூர்ச் செந்தூலில் அவள் அறை எடுத்திருந்த வீடு, ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. வளர்ப்புப் பிராணி ஒன்று கூட வரும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவர் பூனை என்று எண்ணிக்கொண்டிருந்தார். லோரியிலிருந்து கொம்போடு இறங்கியதைப் பார்த்ததும் வாயிலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இது மரியாதையான வீடு. தோட்டத்துப் பழக்கத்தையெல்லாம் இங்க கொண்டாராதீங்க."

"சரி சார்" என்றாள் அஞ்சலை. பெட்டியை வாயிலுக்கு வெளியே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். கயிறு கையில். அவ்வளவுதான். கெஞ்சவும் இல்லை, காரணம் சொல்லவும் இல்லை. விடிந்தால் பதிவு. என் கணவர் பழத்தை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். "துரைய நாங்க ஈப்போவுக்கே கொண்டு போறோம் அஞ்சல, என் வீட்ல வச்சிக்கிறேன்" என்றேன். "ஒன் வீட்டுக்குத் தலைவருக்கு வழி தெரியும்" என்றாள். அதுவும் உண்மைதான். "அப்ப படிப்பு?" "துரை உள்ள போனா நானும் போவேன். இல்லன்னா லோரியிலயே திரும்புறேன். நேந்த ஆத்தா செத்துட்டா, நேந்துவிட்டது உசுரோட இருக்கு. அத விட்டுட்டு நான் என்னா படிச்சிக் கிழிக்கப் போறேன்?"

தெருவே கூடிவிட்டது. அதில் வீட்டுக்காரருக்கு அவமானம். அதற்குள் துரை, பெரியவர்களின் விவகாரம் முடியட்டும் என்று காத்திராமல், வேலிச் சந்து வழியாகக் கழுத்தை நீட்டிக் கொல்லையில் ஆளுயரம் வளர்ந்திருந்த லாலாங் புல்லை மேய ஆரம்பித்தார். உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மா வந்தார். "ஆறு மாசமா புல்ல வெட்டுங்கன்னு சொல்லி என் வாய் வலிச்சிப்போச்சி. இது வந்த ஒடனே வேலய ஆரம்பிச்சிருச்சி. வாம்மா உள்ள" என்று வாயிலைத் திறந்துவிட்டார். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்தார். ஆடு வளர்ப்பது முதலிலிருந்தே தன் யோசனை என்று பின்னாளில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். மனுசர்கள் அப்படித்தான்.

திங்கட்கிழமை அஞ்சலை பதிந்தாள். முதுகலை முடித்தாள், டாக்டர் பட்டமும் வாங்கினாள், அங்கேயே விரிவுரையாளர் ஆனாள். கடைசிவரை அதே வீட்டில்தான் இருந்தாள். சேகரித்து வந்த இலைகளில் பாதியைத் துரை தின்றுவிடுவார், மீண்டும் காட்டுக்குப் போய்ப் பறித்து வருவாள். துரை கிழடாகி, பல் போய், அந்தக் கொல்லையிலேயே செத்து, ஜம்பு மரத்தடியில் புதைக்கப்பட்டார். டாக்டர் அஞ்சலை என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. "அஞ்சலைங்கிற பேரையே நம்ம ஆளுங்க ஒழுங்காச் சொன்னதில்ல, இதுல டாக்டர் வேற" என்பாள். இப்போது துணிப் பதாகையில் முனைவர், பேராசிரியர் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள்.

தோட்டம் விற்கப்பட்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். சாமி குத்தம், சாமி குத்தம் என்று ஒரு கிடாவுக்காகக் குதித்த கமிட்டி, புல்டோசர் வரப்போகிறது என்றதும் கோயில் வெண்கல மணியை இறக்கி எடுத்துக்கொண்டு போனது. சூலத்தை மழையில் விட்டுவிட்டது. கோலாலம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து அதை மண்ணிலிருந்து பிடுங்கிக் கழுவி, ஈப்போவில் ஒரு கோயிலில் சேர்த்தது அஞ்சலை. கூடப் போனது நான். வேறு யாரும் வரவில்லை. "அடுத்தவன் கழுத்துல கத்திய வச்சிச் செய்யிற பக்திக்கு நமக்கு என்னா செலவு லெட்சுமி? நனஞ்சிக்கிட்டே சூலம் தூக்கணும்னா எவனையும் காணோம் பாத்தியா" என்றாள். சேறும் சகதியுமாக நின்றுகொண்டு அவள் சொன்ன அந்தச் சொல்லுக்கு மேல் ஒரு பிரசங்கம் நான் எங்கும் கேட்டதில்லை.

அவளிடமிருந்து எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்வது. சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக் கலங்காமல் இருப்பது. அவளுக்கு அது பிறவியிலேயே இருந்தது. எனக்கு அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தது.

ஆகையால் தலைவர் அவர்களே, அஞ்சலை பேரில் கிடா வேண்டாம். அவள் காப்பாற்றியதை அவள் பேரிலேயே வெட்டித் தின்பதற்கு நினைவஞ்சலி என்று பெயர் கிடையாது. கிடா உண்டு என்றால் இந்தக் கட்டுரையும், என்னிடம் இருக்கும் அவள் படமும் உங்களுக்குக் கிடையாது. கிடா இல்லை என்றால் அன்றைய பொங்கலை நானே வைக்கிறேன். உண்டா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் ஆள் அனுப்பிச் சொல்லுங்கள்.