தோல் காயும் கரையில் ஒரு கோல்ஃப் சங்கம்

கோல்ஃப் ஆட்டத்துக்குப் புல் வேண்டும் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையே கூடப் பரவியிருக்கிறது. அது பிழை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியது என் கடமை. ஆம்பூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் பதினொரு வருஷம் கோல்ஃப் ஆடப்பட்டது. அத்தனை வருஷத்தில் அங்கே நான் கண்ட பச்சை ஆவாரஞ்செடி ஒன்றுதான். அதையும் தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று உரித்துவிட்டார்கள். புல் இருக்க வேண்டிய இடத்தில் மணலைச் சலித்துக் கொட்டி, காற்றில் பறக்காமலிருக்கப் பழைய எஞ்சின் எண்ணெய் தெளித்து, துடைப்பத்தால் பெருக்கி வைத்தோம். ஆட்டம் நடந்தது. யாரும் சாகவில்லை. யாரும் சந்தோஷப்பட்டதாகவும் எனக்கு நினைவில்லை.

கௌரவச் செயலாளர் வேலை என்பது பிறர் ஆடுவதற்காக நாம் வியர்ப்பது. பஜனை மடத்துக்கோ வாசகசாலைக்கோ இந்தப் பதவியை ஏற்று அவதிப்பட்ட அன்பர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நான் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர். இங்கிலீஷில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்த குற்றத்துக்காக என்னைப் பிடித்துச் சங்கத்தின் செயலாளராகப் போட்டார்கள்.

ஒன்பது குழிகள்

சங்கத்தைத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. சீமைக் கம்பெனி ஒன்றுக்குத் தோல் வாங்குவதற்காக ஆம்பூரில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். பதனிட்ட தோலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிப்பது அவர் வேலை. மற்ற நேரத்தில் அவருக்குப் பேச்சுத் துணை கிடையாது. ஒரு நாள் கோல்ஃப் ஆட ஆசையாயிருக்கிறது என்றார். மறுநாள் பன்னிரண்டு டேனரி முதலாளிகள் பிறவியிலிருந்தே கோல்ஃப் பிரியர்களாக இருந்தது தெரியவந்தது.

சித்திரை மாதத்தில் ஆற்றங்கரையில் ஒன்பது குழிகள் தோண்டினோம். விடிந்து போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் நாலைந்து பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். கோடையில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தானே குடிநீர் எடுப்பது? ஒன்பது ஊற்று ஒரே ராத்திரியில் தோண்டிய புண்ணியவான் யாரென்று பார்க்க வந்திருந்தார்கள். நான் ஆட்டத்தின் வரலாற்றை ஸ்காட்லாந்திலிருந்து தொடங்கி விளக்கினேன். முன்னால் நின்றவள் கடைசி வரை கேட்டுவிட்டுக் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"பந்து வுழறதுக்கா தோண்டினீங்க? நல்ல காலம் பொறந்துச்சுன்னு நெனச்சிட்டேன் சாமி."

துண்டுக்கு அடியில்

கோல்ஃபில் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளியவர் ஜெயிப்பார். ஆட்டம் போதாதவர்களுக்கு இத்தனை அடி கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை உண்டு. பழைய ஆட்டங்களின் சராசரியைப் பார்த்துச் செயலாளர் அதை நிர்ணயிக்க வேண்டும். கோல்ஃப் விதிப் புத்தகத்தில் அதற்கு முறை இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எல்லோருக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே தரகர் சையத் பாய் தோள் துண்டை எடுத்து விரித்துவிட்டார். தோல் மண்டியில் விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து கையை உள்ளே விட்டார்கள், முகத்தைச் சுளித்தார்கள், திருப்தியோடு கையை எடுத்தார்கள். என் முதலாளிதான் சங்கத் தலைவர். அவர் இரண்டு கையையும் இரண்டு தரம் விட்டு இருபது அடி சலுகை வாங்கினார். உலகத்தில் எந்த நாட்டிலும் இப்படி இல்லை என்று நான் ஆட்சேபித்தேன். சையத் பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"புஸ்தகத்துல எழுதிட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடும் ரைட்டரே. அப்புறம் மனுசனுக்கு மரியாதை இன்னா இருக்குது?"

தோற்கத் தெரியாதவர்

துரை சனிக்கிழமை ஆடுவார். திங்கட்கிழமை தரம் பிரிப்பார். சனியன்று அவரை ஜெயித்தவனின் தோல் திங்களன்று தரம் இறங்கும் என்பது வாணியம்பாடி வரைக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாத சாஸ்திரம். ஆகவே எல்லோரும் பாடுபட்டுத் தோற்றார்கள். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. மணலில் யாரும் பார்க்காமல் தவறிய அடியைக்கூடத் தானே சொல்லி எழுதச் செய்கிறவர் துரை. இரண்டு வருஷத்து ஆட்டங்களையும் இரண்டு வருஷத்துத் தரங்களையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று துளி சம்பந்தமில்லை.

அந்தப் பட்டியலைக் காதர் பாயிடம் காட்டினேன். உறுப்பினர்களில் மிகச் சின்ன டேனரி அவருடையது: எட்டுத் தொட்டி, பதினாலு ஆள். தோல் வியாபாரம் படுத்துக் கிடந்த காலம் அது. வேறு கம்பெனிக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். துரையும் வாங்கவில்லையென்றால் காதர் பாய் கதவை மூட வேண்டியதுதான். அப்படிப்பட்டவருக்குத்தான் ஆண்டவன் ஜில்லாவிலேயே நல்ல கையைக் கொடுத்திருந்தான். தோற்கப் பார்ப்பார், முடியாது. ஒருதரம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பந்து நேரே போய்க் குழியில் விழுந்தது. துரை கைதட்டினார். காதர் பாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் ரைட்டரே. ஆனா தரம் போட்றது உங்க பட்டியல் இல்லியே, தொரையோட கட்ட வெரலாச்சே."

விதி மூன்று

ஏழாவது குழிக்குப் பக்கத்தில் காதர் பாயின் தோல்கள் முளையடித்துக் காயும். பந்து பொறுக்க வருகிறவர்கள் வழியில் கிடக்கிறதென்று தோலை இழுத்து ஓரம் போட்டுவிடுவார்கள். பாதி காய்ந்த தோலை இழுத்தால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் தரம் போயிற்று. காதர் பாய் என்னிடம் வந்து இதற்கொரு வழி செய்யச் சொன்னார். உள்ளூர் விதிகளில் மூன்றாவதாக எழுதினேன்: காயும் தோலை யாரும் தொடவோ நகர்த்தவோ கூடாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தோல் மேலேயே பந்து விழுந்தால்? புத்தகத்தில் தேடினேன். கிடந்த இடத்திலிருந்தே பந்தை அடிக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் ஆதாரத் தர்மம். அதையும் ஒரு வரி சேர்த்துச் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். அப்படியொரு வரி வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. காதர் பாய்க்கு இங்கிலீஷ் படிக்க வராது. முதல் வரியை மட்டும் சொன்னேன்.

"பேஜார் வுட்டுது. தோலுக்குன்னு சட்டம் போட்ட மொத ஆளு நீங்கதான் ரைட்டரே, நல்லா இருப்பீங்க."

ஏழாவது குழி

அந்த வருஷம் சீமையிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. இனி முதல் தரம் மட்டுமே வாங்க வேண்டும். ஒரு கட்டுத் தோலில் ஒன்றில் வெட்டு இருந்தாலும் கட்டு முழுவதையும் திருப்ப வேண்டும். காதர் பாயிடம் இருந்தது சரியாக ஒரே கட்டுக்கான தோல்; ஒன்று குறைந்தாலும் கட்டு ஆகாது. அதுவும் சனிக்கிழமை கோப்பை ஆட்டத்தன்று ஏழாவது குழிக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கோப்பைக்கு மிஞ்சியவர்கள் இருவர்: துரையும் காதர் பாயும்.

துரை அடித்த பந்து எகிறிப் போய் ஒரு தோலின் நட்ட நடுவில் உட்கார்ந்தது. காதர் பாய் ஓடினார். "பந்த எடுத்துப் போட்டு ஆடுங்க தொரை, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்!" துரை என் பக்கம் திரும்பி, "ரைட்டர், விதி என்ன?" என்றார். சுற்றி நாற்பது பேர். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் கையெழுத்திலிருந்த விதியை முழுவதும் படித்தேன். துரை தலையசைத்து, இரும்புத் தடியை ஓங்கி அடித்தார். பந்து இரண்டு முழம் நகர்ந்தது. தோலில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. அந்த அடியை மறக்காமல் தன் கணக்கில் சேர்த்துச் சொன்னார். ஓர் அடி வித்தியாசத்தில் காதர் பாய் கோப்பையை ஜெயித்தார்.

திங்கட்கிழமை காதர் பாயின் தோல் கட்டைத் துரை முன்னால் பிரித்தார்கள். பதினேழாவது தோலில் துரையின் கட்டை விரல் நின்றது. "இது சனிக்கிழமை நீங்களே அடித்தது" என்று நான் சொன்னேன். "தெரியும். நான் அடித்தாலும் வெட்டு வெட்டுதான்" என்று சொல்லி மூன்றாம் தரம் போட்டார். கட்டு திரும்பியது. வெளியே வந்து காதர் பாயிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தோலை மடித்துக்கொண்டே என்னைத் தடுத்தார்.

"வுடுங்க ரைட்டரே, தோல நகத்தக் கூடாதுன்னு கேட்டது நாந்தானே."

அந்த மாதக் கடைசியில் காதர் பாயின் டேனரி பூட்டப்பட்டது. சங்கத்தில் காலியான ஓர் இடத்துக்கு ஏழு விண்ணப்பங்கள் வந்தன.